உறை கெட்ட வாரம்

எங்கள் தெருவில் சர்க்கரை வியாதியை விரட்டியது இரவல் மோர். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வருஷக்கணக்காக மாத்திரையை முழுங்கிவிட்டு, மாம்பழத்தைத் தூர நின்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தவன் நான். அந்த மோரின் அருமை எனக்குத்தான் தெரியும்.

என் பெயர் சென்னியப்பன். உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, வாய்க்கால் ரோட்டில் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையும் வைத்திருக்கிறேன். என் தோட்டத்து இலையை விலைக்கு வாங்க அடிக்கடி வருவார் அருள்செல்வி என்ற விஞ்ஞானி. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சி டாக்டர். ஊர் அந்த வித்தியாசமெல்லாம் பார்க்கவில்லை, டாக்டரம்மா என்றே கூப்பிட்டது.

ஒரு நாள் கொட்டகையில் புழுக்களைக் காட்டி நான் கேட்டேன்: "ஏனுங்க டாக்டரம்மா, பொழுதுக்கும் தின்னுட்டே கெடக்குதே, இதுகளுக்கெல்லாம் சக்கரை வியாதி வராதுங்களா?"

கிண்டலாகத்தான் கேட்டேன். அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்க ஆரம்பித்துவிட்டார்.

"நல்லாக் கேட்டீங்கண்ணா. நாம திங்கற சோறு, இட்லி எல்லாம் சர்க்கரைதான். ஆனா மணி கோத்த மாதிரி சேந்து இருக்கும். குடல்ல ஒரு கத்தரி இருக்கு. அது வெட்டி உதிரி மணியா விட்டாத்தான் ரத்தத்துல சேரும். இந்த இலைல இருக்கற ஒரு சரக்கு அந்தக் கத்தரியப் போயி மடக்கிப் புடிச்சுக்குது. வெட்டு நடக்காது. சர்க்கரை ஏறாது."

"புழுவோட கத்தரி மட்டும் மடங்காதுங்களா?"

"அதோட கத்தரி வேற தினுசு. அது பொழச்சுக்குச்சு."

"அப்ப நாங்களும் இலையக் காய்ச்சிக் குடிச்சாப் போதுமுங்களே?"

"போதும். ஆனா ஒவ்வொரு வேளையும் சோத்துக்கு முன்னாடி குடிக்கணும். எத்தன பேரு குடிப்பீங்க? அதான் நான் வேற ஒண்ணு பண்றேன். அந்தச் சரக்கைத் தயாரிக்கற வித்தைய தயிர்க் கிருமிக்கே சொல்லிக் குடுத்திருக்கேன். தெனமும் தயிர் சாப்பிட்டா அது குடல்ல குடியிருந்து தானா வேலையப் பாத்துக்கும்."

அப்படித்தான் வந்தது முசுத்தயிர். மல்பெரிக்கு முசுக்கொட்டை என்று பழைய தமிழ்ப் பெயர் ஒன்று உண்டு. கொட்டையைக் கழற்றிவிட்டு முசுவை வைத்துக்கொண்டார்கள். முசு என்றால் ஒரு வகைக் குரங்கு என்று எங்கள் ஊர்த் தமிழாசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவரும் தினம் இரண்டு கரண்டி விட்டுச் சாப்பிட்டார் என்பது வேறு விஷயம்.

டாக்டரம்மா சிறு டப்பாக்களில் கொஞ்சம் பேருக்குத்தான் கொடுத்தார். மீதியை எங்கள் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். தயிருக்கு உறை கேட்டு வந்தவளை இல்லையென்று அனுப்புகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. விளக்கு வைத்த பிறகு மட்டும் கொடுக்க மாட்டார்கள், அப்போது கொடுத்தால் வீட்டு லட்சுமி கூடவே போய்விடுவாளாம். பகலில் கேட்டால் ஒரு ஸ்பூன் நிச்சயம். முதல் டப்பா வாங்கியது பக்கத்து வீட்டு வசந்தாமணி அக்கா. அவர் வீட்டுக்காரருக்குக் காலில் ஆறாத புண். விரலை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். முசுத்தயிர் சாப்பிடத் தொடங்கிய பிறகு சர்க்கரை இறங்கியது, புண் காய்ந்தது, மனுஷர் செருப்புப் போட்டு நடந்தார். அக்கா அழுதுகொண்டே தெருவெல்லாம் உறை கொடுத்தார். எனக்கும் அவர் கொடுத்ததுதான். அந்த வருஷம் நான் தின்ற மாம்பழத்தை நினைத்தால் இப்போதும் வாய் இனிக்கிறது.

எங்கள் வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். என் மகள் ஆதிரைக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை. என்னுடையது போன்றதல்ல, அவள் உடம்பில் இன்சுலினே சுரக்காது. தினமும் ஊசி போட்டே ஆக வேண்டும். டாக்டரம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"இன்சுலின் போடறவங்க முசுவைத் தொடவே கூடாது. ஊசி உள்ள போயிரும், சாப்பாட்டுச் சர்க்கரை வந்து சேராது. ரத்தத்துல சர்க்கரை அப்படியே எறங்கிரும்."

அதனால் என் மனைவி பூங்கோதை இரண்டு தயிர் வைத்திருந்தாள். எனக்கு மண்சட்டியில் முசு. அவளுக்கும் ஆதிரைக்கும் எவர்சில்வர் தூக்கில் பழைய தயிர். கரண்டிகூட மாறக்கூடாது. மாறினால் எனக்குத்தான் வசவு.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கும் வசந்தாமணி அக்காவுக்கும் ஒரு மரத்தால் ஓயாத சண்டை. என் தோட்டத்தில் மல்பெரியை மரமாக விடமாட்டேன். இலைக்காக அவ்வப்போது கிளையை வெட்டிக் கவாத்து செய்து செடியாகவே வைத்திருப்பேன், பூப்பதற்கும் காய்ப்பதற்கும் அதற்கு நேரமே இருக்காது. என் தோட்டத்தை ஒட்டியே தோட்டம் வைத்திருந்த அக்காவோ வேலியோரம் ஒன்றை மரமாக வளரவிட்டிருந்தார். பழம் கொட்டும். பழத்துக்கு எறும்பு வரும். எறும்பு என் கொட்டகைக்குள் வந்தால் புழு காலி.

"வெட்டுங்கக்கா அதை" என்பேன்.

"குருவி திங்குது தம்பி, உனக்கென்ன? உம்பட கொட்டாயிக்கு நீ மருந்து வெச்சுக்க" என்பார்.

அந்தக் கோடையில் பூங்கோதை தாராபுரத்தில் அவள் அண்ணன் வீட்டுக் கல்யாண வேலைக்குப் போயிருந்தாள். நானும் ஆதிரையும் மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு இட்லி எடுத்துக்கொண்டு சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தாள். டிபன் கேரியரை வைத்த கையில் நடுக்கம். சட்டை முழுக்க வேர்வை.

"என்ன கண்ணு, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன், சாப்பிட்டேன். சும்மா நொய்யு நொய்யுன்னு கேக்காதீங்கப்பா."

சர்க்கரை இறங்கும்போது அவளுக்கு முதலில் கோபம்தான் வரும். எங்களுக்குப் பழக்கம். பாக்கெட்டில் எப்போதும் மிட்டாய் இருக்கும். இரண்டை வாயில் போடவைத்தேன். வழக்கமாகச் சற்று நேரத்தில் முகம் தெளிந்து, "சாரிப்பா" என்பாள். அன்று தெளியவில்லை. அவள் பையிலிருந்த, சர்க்கரை பார்க்கிற மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தேன், எண் ரொம்பக் கீழே இருந்தது. டீக்கு வைத்திருந்த நாட்டுச்சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து ஒரு டம்ளர் கொடுத்தேன். மறுபடி குத்தினேன். இன்னும் இறங்கியிருந்தது.

சர்க்கரையைக் கொடுக்கக் கொடுக்கச் சர்க்கரை இறங்குகிறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், வருகிறோம் என்றார்கள். வாய்க்கால் ரோட்டின் லட்சணத்துக்கு எப்போது வந்து சேர்வது? வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிப்போகலாம் என்றால் அவளால் கழுத்தை நிமிர்த்த முடியவில்லை. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"காலைல என்ன சாப்பிட்டா?"

"இட்லியும் தயிருமுங்க."

"எந்தத் தயிரு?"

"அவளோட தனித் தயிருதானுங்க. தூக்குல இருக்கறது."

மடியில் கிடந்த ஆதிரை முனகினாள். "பூனை தட்டி உட்டுருச்சுப்பா... அம்மா போன அன்னிக்கே... நான் மேனேஜர் ஆன்ட்டிகிட்ட உறை வாங்கினேன்... அவங்க வீட்ல யாருக்கும் சுகர் இல்லயே, அதான்..."

பாருங்கள், குழந்தை எவ்வளவு யோசித்திருக்கிறாள். பக்கத்து வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கிறார், அங்கே கேட்டால் முசு வந்துவிடும் என்று தெருக்கோடிக்கு நடந்து போய், பேங்க் மேனேஜர் வீட்டில் கேட்டிருக்கிறாள். அவர்கள் இளவயதுத் தம்பதி, ஒரு நோய் நொடி கிடையாது. ஆனால் ஊருக்குப் புதிதாகக் குடிவந்து பால் காய்ச்சிய அன்று அந்தப் பெண் மட்டும் உறைக்கு எங்கே போவாள்? வசந்தாமணி அக்காவிடம் வாங்கியிருந்தாள். தெருவில் முசு இல்லாத தயிரே மிச்சமில்லை என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

போனில் டாக்டரம்மாவின் குரல் மாறிவிட்டது.

"அண்ணா, நாஞ்சொல்றதக் கேளுங்க. மிட்டாய், நாட்டுச்சக்கரை, வெல்லம் எல்லாமே கோத்த மணி. வெட்டுனாத்தான் சேரும். அவளோட கத்தரி மடங்கிக் கெடக்குது. நீங்க எவ்வளவு குடுத்தாலும் வயித்துலயே நிக்கும். உதிரி மணி வேணும். குளுக்கோஸ் பொடி இருக்கா?"

"வீட்ல இருக்குதுங்க."

"தேன்?"

"இல்லீங்க."

"கனிஞ்ச பழம்? மல்பெரிப் பழம் இருந்தாக் கூடப் போதும், அதுல உதிரி மணிதான் ஜாஸ்தி."

கண்ணுக்கெட்டிய தூரம் மல்பெரி. அத்தனையும் நானே கவாத்து செய்தது. பேருக்கு ஒரு பழம் கிடையாது. அப்போதுதான் வேலிப்பக்கம் குருவிச் சத்தம் காதில் விழுந்தது.

வேலியை எப்படித் தாண்டினேன் என்று தெரியாது. வேட்டி கிழிந்தது தெரியும். கறுப்பாகக் கனிந்ததைக் கை கொள்ளாமல் பறித்து வந்து, பிசைந்து, சாற்றை அவள் உதட்டில் வைத்தேன். "முழுங்கு கண்ணு, முழுங்கு சாமி" என்று கத்தினேன். முழுங்கினாள். ஓடினேன், மறுபடி பறித்தேன். என் சத்தம் கேட்டு, தன் தோட்டத்திலிருந்த வசந்தாமணி அக்கா ஓடிவந்து, எதுவும் கேட்காமல் கிளையை வளைத்துப் பிடித்துக்கொண்டார். நான் ஊட்டினேன். வாய், கழுத்து, என் சட்டை எல்லாம் ஊதாக் கறை.

கொஞ்ச நேரத்தில் ஆதிரை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"சாரிப்பா" என்றாள்.

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். எந்தச் சாமிக்கு நன்றி சொல்வது என்று யோசிக்கவே இல்லை. கையெடுத்துக் கும்பிட்டது அந்த மரத்தைத்தான்.

ஆம்புலன்ஸ் வந்து, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, அவள் எழுந்து உட்கார்ந்தபோது டாக்டரம்மா வந்தார். பழக்கறை படிந்த அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "இந்தக் கறுப்பு நிறம் ஒடம்பு துருப்புடிக்காமப் பாத்துக்கும்னு வகுப்புல சொல்லிக் குடுத்திருக்கேன். பழம் இப்படி உசிரக் காப்பாத்தும்னு நெனைக்கல" என்றார்.

"இனி என்னங்க பண்றது?" என்று கேட்டேன்.

"அந்தத் தயிரை நிறுத்தினாக் கொஞ்ச நாள்ல கிருமி அவ குடல விட்டுத் தானாப் போயிரும். ஆனா மறுபடி வந்துராமப் பாக்கணும். யார் வீட்டு மோரும் தொடக்கூடாது. கோயில் நீர்மோர், கல்யாண வீட்டுத் தயிர்சாதம், சிநேகிதி டப்பா, எதுவும்."

"பள்ளிக்கூடம் போற புள்ளைங்க இவ."

"தெரியும்ணா" என்றார். "தானாப் பரவறது எனக்குப் பெருமையா இருந்துச்சு. ஏழை வீட்டுக்கும் செலவில்லாமப் போய்ச் சேருதேன்னு. பரவறதுக்கு நிறுத்தவும் தெரியணும்னு தோணல."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் உடம்பே அவர் கொடுத்த உடம்பு. தெருவில் எத்தனை கால், எத்தனை கண் அந்தத் தயிரால் பிழைத்திருக்கிறது! என் ஒரு மகளுக்காக அத்தனை பேரும் அதை விட்டுவிடுங்கள் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது? அதனால் நானே முடிவு செய்தேன். ஆதிரையைத் தாராபுரத்தில் மாமன் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது. முசு இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

தகவல் கேட்டு ஓடிவந்த பூங்கோதை, கையோடு அண்ணன் வீட்டிலிருந்து ஒரு டப்பாவில் உறை கொண்டுவந்திருந்தாள். சுத்தமான பழைய உறை. நான் என் மண்சட்டித் தயிரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மாத்திரைக்கு மாறினேன். என் முடிவைச் சொன்னபோது அவள் மறுப்புச் சொல்லவில்லை. ஆதிரைதான் கேட்டாள்.

"தப்புப் பண்ணாம எதுக்குப்பா நான் போகணும்?"

பள்ளிக்கூடத்தில் போய் மாற்றுச் சான்றிதழுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். வசந்தாமணி அக்காவிடமும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று எனக்குக் கோபம் வந்தது.

அடுத்த வாரம் டாக்டரம்மா சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளோடு வந்தார். முசு எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்க வீட்டுக்கு வீடு கொஞ்சம் தயிர் வேண்டுமாம். நானும் கூடப் போனேன்.

மேனேஜர் வீட்டில் அந்தப் பெண் கையைப் பிசைந்தாள். "தயிர் இல்லயே மேடம். உறை கெட்டுப் போச்சு."

தமிழாசிரியர் வீட்டில் அவரே வந்தார். "எங்களுடையது புளித்து நாசமாகிவிட்டது அம்மா. கொட்டிவிட்டோம்." பின்னால் அவர் மனைவி டம்ளரில் ஏதோ பச்சையாக வைத்துக்கொண்டு நின்றார். ஆசிரியர் அதை வாங்கி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து, "சாப்பாட்டுக்கு முன்னால்" என்றார்.

தையல்கடைக்காரர் வீட்டில் எறும்பு ஏறிவிட்டதாம். எதிர்வீட்டில் பூனை தட்டிவிட்டதாம். எங்கள் தெருவில் இத்தனை பூனை எப்போது வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. கடைசியாக வசந்தாமணி அக்கா வீடு. அவர் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து பச்சைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார். மல்பெரி இலைக் கசாயம்.

"நானும் புழுவாயிட்டேன் மாப்ளை" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "மூணு வேளையும் தழைதான். மறந்தா உங்கக்கா சோறு போடறதில்ல."

"தயிரு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"கெட்டுப் போச்சுங்கம்மா" என்றார் அக்கா. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

தெருமுனை வந்ததும் டாக்டரம்மா நின்றார். ஒரு குப்பியிலும் ஒரு சொட்டு இல்லை.

"அண்ணா, ஒரு வீட்டு உறை கெடலாம். தெரு முழுக்க ஒரே வாரத்துலயா கெடும்?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"இலைத்தண்ணி தயிரு மாதிரி சுலபமில்ல. வேளாவேளைக்கு ஞாபகமா குடிக்கணும், தெனமும் காய்ச்சணும்" என்றார் அவர். "நாங்கேட்டிருந்தா ஒருத்தரும் செஞ்சிருக்க மாட்டாங்க. உங்ககிட்டச் சொன்னா நீங்க சங்கடப்படுவீங்கன்னு பூனை மேல பழியப் போட்டுட்டாங்க."

பிறகு குப்பிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டே, "எங்க வீட்டுதும் நேத்துக் கெட்டுப் போச்சு" என்றார்.

அன்று பொழுது சாய்ந்து பூங்கோதை விளக்கேற்றி முடித்த நேரம் வாசலில் குரல் கேட்டது. வசந்தாமணி அக்கா. கையில் ஒரு டம்ளர். அவருக்குப் பின்னால் தமிழாசிரியர் மனைவி, மேனேஜர் வீட்டுப் பெண், தையல்கடை அம்மா. எல்லார் கையிலும் டம்ளர்.

"வெளக்கு வெச்சப்புறம் வந்துட்டேன்னு திட்டாத பூங்கோதை. எல்லாரும் சேந்து கெளம்பறதுக்குள்ள நேரமாயிருச்சு. ஒரு ஸ்பூன் உறை வேணும். எங்கூட்டுது கெட்டுப் போச்சு."

விளக்கு வைத்த பிறகு உப்பு, ஊசி, மோர் எதையும் வாசல் தாண்ட விடாதவள் என் மனைவி. அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆதிரை, தூக்கை எடுத்துட்டு வா" என்றாள்.

யார் வீட்டு மோரையும் தொடாதே என்று நாங்கள் சொல்லிவைத்திருந்த பெண் வாசலில் நின்று ஒவ்வொரு டம்ளரிலும் ஒரு ஸ்பூன் ஊற்றினாள். கடைசி டம்ளருக்கு வந்தபோது தூக்கைச் சாய்த்துச் சுரண்ட வேண்டியிருந்தது.

"அத்தே, காலியாயிருச்சு. நாளைக்கு எங்களுக்கே உறை இல்ல" என்றாள்.

"இல்லாட்டி என்ன கண்ணு?" என்றார் வசந்தாமணி அக்கா. "எங்கூட்டுக்கு வா. எந்த ஊட்டுக்கு வேணும்னாலும் போயி வாங்கிக்க."

மறுநாள் காலை முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.